ஞாயிறு 10 முதல் 2 வரை அப்பா!

ஒரு சனிக்கிழமை ராத்திரி. எழும்பூர் ஸ்டேஷன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம். ஸ்லீப்பர் பெட்டி வாசலில் ஒரு ஆசாமி, கையில் சிவப்புக் கலர் மூன்று சக்கர சைக்கிளோடு நின்றுகொண்டு டிக்கெட் பரிசோதகரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஸார், இது லக்கேஜ் இல்லை ஸார்... பொம்மை ஸார்!"

அந்த ஆசாமி என் நண்பன். காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்து, பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாமல் சேர்ந்து முழித்தவர்கள் நாங்கள். அவனுடைய பையனுக்கு மறுநாள் மூன்றாவது பிறந்தநாள். பையன் திருச்சியில், அம்மாவோடு, தாத்தா வீட்டில். அப்பா சென்னையில், மேன்ஷனில், தனியாக. சண்டைக்கு யார் காரணம் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அவனைக் கேட்டால் அவள். அவளைக் கேட்டால் அவன். மாமனாரைக் கேட்டால் ஜாதகம்!

திங்கட்கிழமை காலை அதே சைக்கிள் சென்னைக்குத் திரும்பி வந்துவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"கேட் வரைக்கும் போனேன். மாமனார் வந்தார். 'வாங்க மாப்பிள்ளை'ன்னார்..."

"பரவாயில்லையே!"

"முழுசாக் கேளுடா. 'வாங்க மாப்பிள்ளை, வந்தது வந்துட்டீங்க, அப்படியே கிளம்புங்க'ன்னார். கேட்டைத் திறக்கவே இல்லை. ஜன்னல்கிட்ட பையன் நின்னுட்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். உள்ளேயிருந்து யாரோ திரையை இழுத்து விட்டுட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்.

"பர்த் சர்ட்டிபிகேட்ல என் பேர் இருக்கு. நாளைக்கு ஸ்கூல்ல சேர்த்தா என் இன்ஷியல்தான் போடப் போறாங்க. இன்ஷியல் மட்டும் என்னோடது, பிள்ளை அவங்களோடதா? எனக்குன்னு சட்டத்துல ஒண்ணுமே கிடையாதாடா?"

இருக்கிறது. ஆனால், அவன் நினைத்த மாதிரி இல்லை!

இலவச ஆலோசனை மூன்று!

இந்த மாதிரி விஷயங்களில் முதலில் கிடைப்பது வக்கீல் இல்லை. டீக்கடை. ஒரே வாரத்தில் என் நண்பனுக்கு மூன்று இலவச ஆலோசனைகள் கிடைத்தன.

ஒன்று: "போலீஸ்ல கடத்தல் கேஸ் கொடுங்க ஸார்!"

இரண்டு: "பிளே ஸ்கூல் வாசல்ல நில்லுங்க. பையன் வெளியே வந்ததும் தூக்கிட்டு வந்துடுங்க. பெத்த அப்பனை யார் கேக்கறது?"

மூன்று: "பணம் அனுப்பறதை நிறுத்துங்க. தானா வழிக்கு வருவாங்க!"

மூன்றில் எதைச் செய்திருந்தாலும் அவன் கதை கந்தலாகியிருக்கும். நல்லவேளை, குடும்ப நல நீதிமன்றத்தில் பல வருஷமாக வழக்காடும் வக்கீல் அம்மா ஒருவரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். "எழுதறதுன்னா எழுதுங்க. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க. வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது, தெரியுமில்ல?" என்று கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"முதல்ல ஒரு விஷயம். பிள்ளை அதோட அம்மாகிட்ட இருக்கு. அம்மாவே பிள்ளையைக் கடத்திட்டாங்கன்னு கம்ப்ளெயின்ட் கொண்டுபோனா ஸ்டேஷன்ல சிரிப்பாங்க. ஸ்கூல் வாசல்ல தூக்கிட்டு ஓடினீங்கன்னா, நாளைக்கு ஜட்ஜ் முதல்ல கேக்கறது அதைத்தான். பயந்து அலறின குழந்தையைப் பத்தின கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. பண விஷயம்... அதுக்கு அப்புறம் வரேன்."

அப்பாவின் ஐந்து நிமிஷ சந்தோஷம்

மேஜை மேலிருந்த சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6-வது பிரிவு, மைனர் பிள்ளைக்கு இயற்கையான காப்பாளர் யார் என்று சொல்கிறது. முதலில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா!

என் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"இருங்க ஸார், சட்டத்துல 'ஆனால்'னு ஒரு வார்த்தை உண்டு" என்று பல்பை அணைத்தார் வக்கீல் அம்மா. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்கிறது. 'அவருக்குப் பிறகு' என்றால் அப்பா செத்த பிறகு என்று அர்த்தமில்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கமும் கொடுத்துவிட்டது. அப்பா எந்தக் காரணத்தாலோ பொறுப்பில் இல்லாதபோது அம்மாவே இயற்கைக் காப்பாளர்தான். கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர், ரிசர்வ் வங்கியை எதிர்த்து நடத்திய வழக்கு அது.

எல்லாவற்றுக்கும் மேலே 13-வது பிரிவு. அதன்படி குழந்தையின் நலன்தான் தலையாயது. அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை எல்லாம் அதற்கு அடுத்த பெஞ்ச்.

"அப்போ எனக்கு?" என்றான் நண்பன், இறங்கிய குரலில்.

"மூணு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கறீங்க. காப்பாளர்ங்கறது வேற. பிள்ளை யார் வீட்ல வளருதுங்கற கஸ்டடி வேற. வளர்க்காத பெற்றோர் வந்து பார்க்கற விசிட்டேஷன் வேற. கஸ்டடி அம்மாவுக்குப் போச்சுன்னா அப்பா காலிங்கறது கிடையாது. மூணாவது கதவு திறந்தேதான் இருக்கு. அதைத் தட்டற விதம் ஒண்ணு இருக்கு."

உரிமை யாருக்கு?

1973-ல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் அம்மா ஞாபகப்படுத்தினார். பிள்ளைகள் பெற்றோருக்குச் சொந்தமான தட்டுமுட்டுச் சாமானும் இல்லை, விளையாட்டுப் பொம்மையும் இல்லை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல. நிலைமை மாறினால் அதையும் மாற்றலாம்.

2020 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. ராஜஸ்தானிலிருந்து வந்த வழக்கு. சிறு குழந்தைக்கு அம்மா, அப்பா இருவரின் அன்பும் அருகாமையும் தேவை, அது அந்தக் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்றது உச்ச நீதிமன்றம். கஸ்டடி கிடைக்காதவர் நேரில் பார்க்க முடியாத நாட்களில், தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பிள்ளையோடு பேச வழி செய்ய வேண்டும், வீடியோ காலில் என்றாலும் சரி என்றும் சொன்னது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் நண்பர்கள் பலர் கோர்ட்டுக்குப் போகும்போது "என் பிள்ளையைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கு" என்று மார்தட்டுகிறார்கள். சட்டம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறது. "அப்பாவைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கு." அந்த உரிமையின் வால் பிடித்துத்தான் அப்பா உள்ளே போக முடியும்! மனுவில் மனைவியைத் திட்டி பத்துப் பக்கம் எழுதுகிறவரைவிட, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எந்த நேரத்தில் தூங்கும், எந்த டாக்டரிடம் காட்டுவது என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் நீதிபதி காது கொடுக்கிறார்.

"உங்க பையன் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி என்ன கேப்பான்?" என்று திடீரென்று கேட்டார் வக்கீல் அம்மா.

"காக்கா கதை மேடம். வடையை நரிக்குக் கொடுக்காத காக்கா. நானே மாத்திச் சொல்லுவேன்."

"இதை எழுதுங்க ஸார் முதல்ல!"

எங்கே போவது, எப்படிப் போவது?

சென்னையில் வேலை என்பதற்காகச் சென்னையில் வழக்குப் போட முடியாது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தில், குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் மனு. (வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். எல்லா மதத்தினருக்கும் இன்றும் கை கொடுப்பது அதுதான்.) குடும்ப நல நீதிமன்றம் இருக்கிற ஊர் என்றால் அங்கே. இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். கோர்ட் பாஷையில் இதற்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று பெயர்.

விவாகரத்தோ சேர்ந்து வாழும் மனுவோ ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் தனி வழக்குத் தேவையில்லை. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில், அந்த வழக்குக்குள்ளேயே கேட்கலாம். பதிவுத் திருமணம் செய்த கலப்புத் தம்பதிகளுக்கு 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்திலும் இதே மாதிரி பிரிவுகள் உண்டு. மனைவி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் போய், குழந்தை அவர் பொறுப்பில் என்று உத்தரவு வாங்கியிருந்தால், 2005-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 21-வது பிரிவிலேயே அப்பா வந்து பார்க்க ஏற்பாடு செய்ய இடமிருக்கிறது. ஆனால், பார்ப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் மறுத்துவிடுவார்.

முக்கியமான விஷயம், பெரிய வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. மனு போடும்போதே இடைக்கால மனுவும் சேர்த்துப் போட வேண்டும். "வழக்கு வாய்தா வாங்கும் ஸார். குழந்தை வளர்றதுக்கு வாய்தா வாங்காது" என்றார் வக்கீல் அம்மா.

குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. நேரடியாகவும் பேசலாம். முதலில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சமரச மையத்துக்கும் அனுப்புவார்கள். 'இது நேர விரயம்' என்று முகத்தைச் சுளிக்காமல் போங்கள். பாதி சங்கதி அங்கேயே முடிகிறது.

பத்தடி தூரத்தில் அம்மா!

உத்தரவு எப்படி இருக்கும்? நம்ம ஊர் வழக்கு ஒன்றையே பார்க்கலாம். அப்பா கரூரில். அம்மாவும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் மதுரையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைக் கரூரில் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. உயர் நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டிவிட்டது. அம்மா உச்ச நீதிமன்றம் போனார்.

2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. போக 150, வர 150. ஒரே நாளில் 300 கிலோமீட்டர் இரண்டு வயதுக் குழந்தை பயணம் செய்வது அதன் உடம்புக்கு நல்லதில்லை என்றார்கள் நீதிபதிகள். அப்பாவின் சந்திப்பை ரத்து செய்யவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார்கள். மதுரையிலேயே பூங்கா, கோயில் மாதிரி ஒரு பொது இடம். ஞாயிறு காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. குழந்தை சின்னது என்பதால் அம்மா சுமார் பத்தடி தள்ளி இருக்கலாம்!

பத்தடி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. டேப் வைத்து அளப்பார்களா? யோசித்துப் பார்த்தால் அர்த்தம் இருக்கிறது. குழந்தை அழுதால் அம்மா கண்ணில் படும் தூரம். அப்பா சொல்கிற காக்கா கதை அம்மா காதில் விழாத தூரம்!

வேறு மாதிரி உத்தரவுகளும் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே பார்க்கச் சொல்வார்கள். கொஞ்சம் பழகிய பிறகு வார இறுதியில் அழைத்துப்போக விடுவார்கள். கோடை விடுமுறையில் பாதி, தீபாவளிக்கு இங்கே, பொங்கலுக்கு அங்கே என்று பங்கும் பிரிப்பார்கள். எல்லாமே படிப்படியாகத்தான். அப்பா குடித்துவிட்டு வருவார், அடிப்பார் என்ற பயம் அம்மாவுக்கு இருந்தால், அதற்குக் காரணமும் இருந்தால், யாராவது கூட இருக்கும்படி நிபந்தனை போடுவார்கள். இதைக் கேட்டு அப்பாக்கள் கோபப்படுகிறார்கள். ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தால் அந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

காபி, டிபன் வரைக்கும்கூட கோர்ட் போனதுண்டு. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை மனைவி விருந்தாளியாக நடத்தி, சிற்றுண்டியும் சாப்பாடும் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. பிள்ளையைக் காட்டச் சொல்லலாம். பஜ்ஜி போடச் சொல்ல முடியாது!

இரண்டு லெட்ஜர்!

இப்போது பண விஷயம். "பிள்ளையைக் காட்டலை, அதனால பணம் அனுப்பலை" என்கிறார் அப்பா. "பணம் அனுப்பலை, அதனால பிள்ளையைக் காட்டலை" என்கிறார் அம்மா. இரண்டும் தப்பு. பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜீவனாம்சம் ஒரு லெட்ஜர், சந்திப்பு வேறொரு லெட்ஜர். இந்தக் கணக்கில் வரவேண்டியதை அந்தக் கணக்கில் கழித்து எழுத முடியாது. பிள்ளையைக் காட்டவில்லை என்றாலும் பிள்ளைக்குப் பசிக்கத்தானே செய்யும்?

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் (பழைய 125-தான், நம்பர் மாறிவிட்டது) பிள்ளைக்காகப் பணம் கேட்டு வழக்கு வரும். கட்டாவிட்டால் ஜெயில்கூட உண்டு. மாறாக, மாதா மாதம் பாங்க் மூலம் அனுப்பி, ரசீதை ஃபைல் போட்டு வைத்தவருக்கு அந்த ஃபைலே நல்ல சாட்சி.

உத்தரவு வாங்கும்போதும், பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தாலும், 'அப்பா அவ்வப்போது பார்க்கலாம்' என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். அந்த 'அவ்வப்போது'தான் அடுத்த வழக்குக்கு விதை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் அழைத்து வருவது, காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, பிறந்தநாளுக்கு எத்தனை மணி நேரம், வீடியோ கால் எப்போது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

அப்படியும் காட்டாவிட்டால்? 1890 சட்டத்தில், கோர்ட் சொல்லியும் குழந்தையைக் கொண்டுவராதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம். மேற்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் 10 ரூபாய் வரை. மொத்தம் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது! அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்கு எவ்வளவு பவுன் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட்டான் நண்பன். "சிரிக்காதீங்க. அதே பிரிவுல, கொண்டு வர்றேன்னு ஒத்துக்கற வரைக்கும் சிவில் ஜெயில்ல வைக்கவும் இடம் இருக்கு. நீதிமன்ற அவமதிப்பு மனுவும் போடலாம்" என்றார் வக்கீல் அம்மா. "ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பின அப்பாவை அந்தப் பிள்ளை எந்த முகத்தோட பார்க்கும்? முதல்ல கோர்ட்ல மனு போட்டு, தவறிப்போன நாளுக்குப் பதில் நாள் கேளுங்க."

சைக்கிள் என்ன ஆயிற்று?

நண்பன் திருச்சியில் மனுப் போட்டான். காக்கா கதையையும் எழுதினான். வாய்தா, நோட்டீஸ், பதில் மனு, ஆலோசகர் என்று ஒரு வருஷத்துக்கும் மேலே ஓடிவிட்டது. கடைசியில் இடைக்கால உத்தரவு வந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை 10 முதல் 1 வரை, மாநகராட்சிப் பூங்கா.

முதல் ஞாயிறு. பழைய சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பையன் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டானாம்: "அம்மா, இந்த அங்கிள் யாரு?"

"அந்த இடத்துல அழுதுடாதீங்க. இழுத்துக் கட்டிப் பிடிக்காதீங்க. அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. சும்மா உட்காருங்க" என்று வக்கீல் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். உட்கார்ந்தான். தனக்குத் தானே காக்கா கதையைச் சொல்ல ஆரம்பித்தான். காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடும் கட்டம் வந்ததும், பையன் இரண்டடி முன்னால் வந்து, "நரிக்கு வடையே கிடைக்காது!" என்றானாம்.

சைக்கிளில் ஏறிப் பார்த்தான். முட்டி ஹாண்டில்பாரில் இடித்தது. மூன்று வயதுக்கு வாங்கிய சைக்கிள், நாலரை வயது முட்டி.

"இது குட்டிப் பாப்பா சைக்கிள். அடுத்த தடவை பெரிசு வாங்கிட்டு வா" என்று பையன் உத்தரவு போட்டுவிட்டான். வாய்தா இல்லாத உத்தரவு!

அதுவரை தூரத்தில் பெஞ்ச்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாராம்: "அவனுக்கு வெயில் ஒத்துக்காது. நிழல்ல வெச்சு ஓட்டச் சொல்லுங்க."

"ஒன்றரை வருஷம் கழிச்சு அவ என்கிட்ட பேசின முதல் வார்த்தைடா" என்றான் நண்பன், திரும்பி வந்து.

போன சனிக்கிழமை ராத்திரி எழும்பூருக்கு நானும் வழியனுப்பப் போயிருந்தேன். புது சைக்கிள், கொஞ்சம் பெரிசு. அதே வாசல், வேறு டிக்கெட் பரிசோதகர்.

"ஸார், லக்கேஜ் இல்லை ஸார்..."